ஐந்து நொடிக்கு ஒரு படம்

தென்காசியில் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறவனுக்கு ஆடி மாதம் கட்டாய விடுமுறை. முகூர்த்தம் கிடையாது. ஆனி மாதக் கல்யாணங்களின் ஆல்பங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டால் கேமராக்கள் பீரோவுக்குள் போய்விடும். குற்றாலத்தில் சாரல் கட்டுவதும் அதே மாதத்தில்தான். கடை வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை முகட்டில் மேகம் வந்து உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கிற ஆள், சும்மா இருக்கிற கேமரா, சும்மா இருக்காத மேகம். நான் டைம்லாப்ஸ் எடுக்கத் தொடங்கியது இப்படித்தான். கலைத் தாகம் என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள்.

கேமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, இவ்வளவு நொடிக்கு ஒன்று என்று படங்களாக எடுத்து, அவற்றை வீடியோவின் வேகத்தில் ஓட்டுவதுதான் டைம்லாப்ஸ். நம் ஊர் வீடியோ நொடிக்கு 25 சட்டங்கள். ஆகவே பத்து நொடி ஓடும் காட்சிக்கு 250 படங்கள் வேண்டும். ஐந்து நொடிக்கு ஒரு படம் என்றால் அதை எடுத்து முடிக்க இருபத்தொரு நிமிடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் இந்தக் கணக்கை. அந்த ஐந்து என்ற எண்ணை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

என் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. "என்ன கேமரா அண்ணாச்சி, என்ன விலை வரும்?" என்றுதான் கேட்பார்கள். சொன்னால் முகம் வாடிவிடும். ஏதோ மறைக்கிறேன் என்று நினைப்பவர்களும் உண்டு.

நான் முதலில் எடுத்தது கேனான் பவர்ஷாட் ஏ590. வீட்டு விசேஷங்களுக்காக எப்போதோ வாங்கியது. 8 மெகாபிக்சல், இரண்டு பென்சில் செல்லில் ஓடும். முழு எச்டி வீடியோவின் ஒரு சட்டம் 1920க்கு 1080 புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சல் மட்டுமே. இந்தச் சின்னக் கேமராவின் படம் அதைப்போல் நான்கு மடங்கு. வீடியோ எடுக்கும் கேமராவாக அது ஒன்றுக்கும் உதவாது. ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனிப் படமாக எடுக்கும்போது தாராளமாகப் போதும்.

ஆனால் அந்தக் கேமராவில் இத்தனை நொடிக்கு ஒரு படம் எடு என்று சொல்ல வழி இல்லை. அதற்குத்தான் சிஎச்டிகே. கேனான் கம்பெனிக்கு அதில் சம்பந்தம் இல்லை; ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கும் மென்பொருள். மாடலுக்கும் அதன் உள்பதிப்பு எண்ணுக்கும் பொருந்திய கோப்பைத் தேடி எடுத்து மெமரி கார்டில் போட வேண்டும். கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டைப் பூட்டு பக்கம் தள்ளிச் செருகினால், கேமரா எழும்போது இதுவும் சேர்ந்து எழும். பூட்டிய கார்டில் படம் எப்படிப் பதியும் என்று தோன்றும், பதியும். கேமராவின் உள்ளே எதையும் அது மாற்றுவதில்லை. கார்டைக் கழற்றிவிட்டால் பழையபடி குழந்தையின் பிறந்தநாளை எடுக்கலாம்.

பிறகு செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் 600டி வந்தது, கூடவே வரும் 18-55 லென்சுடன். அதன் பக்கவாட்டில் 2.5 மி.மீ. ஜாக்கில் செருகும் டைமர் ரிமோட் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. கம்பெனி ரிமோட் வேண்டும் என்ற அவசியமே இல்லை; அதன் வேலை சொன்ன நொடியில் ஒரு சுவிட்சை மூடித் திறப்பது, அவ்வளவுதான். ரிமோட்டும் வேண்டாம் என்றால் 600டிக்கு மேஜிக் லேன்டர்ன் என்ற இலவச மென்பொருள் உண்டு. நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். டி5100 போன்ற பழைய மாடல்களிலேயே மெனுவுக்குள் இடைவெளி வைக்கும் வசதி இருக்கிறது.

புதுக் கேமராவை இந்த வேலைக்கு வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. ஷட்டருக்கு ஆயுள் உண்டு. நிக்கான் டி7000 ஒன்றரை லட்சம் முறை அடித்துச் சோதிக்கப்பட்டது என்று கம்பெனி சொன்னது. அதற்குக் கீழ்ப்பட்ட கேமராக்களுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நொடிக் காட்சிக்கு 250 அடி. ஒரு சீசன் முழுக்க மேகத்தைத் துரத்தினால் எத்தனை அடி என்று நீங்களே கணக்குப் போடலாம். தாலி கட்டும் நேரத்தில் நம்ப வேண்டிய கேமராவை இதில் தேய்க்கக் கூடாது.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஸ்டாண்டு. இங்கே சாரல் காலத்துக் காற்று சாதாரணக் காற்று இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வருவது. அந்தக் காற்றை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அதில் அலுமினியக் குச்சி ஸ்டாண்டு நிற்காது. கனமான இரும்பு ஸ்டாண்டு, நடுத்தண்டைத் தூக்காமல், கால்களைத் தாழ விரித்து, நடுவில் மண் நிரப்பிய பை. கேமராவின் வாரைக் கழற்றிவிட வேண்டும்; அது காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும், அத்தனை அடியும் படத்தில் நடுக்கமாக வரும்.

இனி மேகம். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளப் பக்கம் மலையேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகி, அங்கேயே பெரும்பாலும் கொட்டித் தீர்க்கிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்று சூடேறுகிறது. மேகம் கரைந்து மறைகிறது. தப்பி வரும் மிச்சத் துளிகள்தான் சாரல். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கண்ணுக்குத்தான் தெரியாது. கண்ணுக்கு முகட்டில் ஒரு வெள்ளைப் பொதி அசையாமல் கிடப்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு குளத்துக் கரையில் கேமராவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"என்னத்தத் தம்பி காவல் காக்கீரு?"

"மேகத்தப் படம் எடுக்கேன் அண்ணாச்சி."

"அது எங்க ஓடிப்போவப் போவுது? கோட்டைவாசல்ல முட்டிக்கிட்டு நிக்க மேகம்லா. சாயங்காலம் வரைக்கும் அப்பிடியேதான் நிக்கும்."

எடுத்து முடித்ததும் கேமராவின் பின்பக்கத் திரையில் பொத்தானை அழுத்திப் பிடித்து அவரிடம் காட்டினேன். அப்படிப் பிடித்தால் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். களத்திலேயே சரிபார்க்க அதுதான் வழி. முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மேகம் வழிந்து வழிந்து இறங்கியது. மலையின் பாதிச் சரிவில் ஒரு கோடு போட்டதுபோல நின்றது. பெரியவர் இரண்டாம் முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓடத்தான் செய்யுது. ஓரம் மட்டும் நிக்கு." அவ்வளவு சரியாக அதை நான் சொல்லியிருக்க மாட்டேன். மேகம் வந்துகொண்டே இருக்கிறது, கரைந்துகொண்டே இருக்கிறது, கரையும் இடம் மட்டும் மாறுவதில்லை. காற்று எந்த உயரத்தில் போதுமான அளவு சூடேறுகிறதோ அதுதான் அந்தக் கோடு.

அந்த மேகத்துக்கு நான் வைத்தது மூன்று நொடி. எப்படி வந்தது என்றால், ஒரு மேகக் கிழிசலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது என் சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஏறக்குறைய ஆறு நிமிடம், அதாவது 360 நொடி. திரையில் அது ஐந்து நொடியில் கடந்தால் பார்க்க இதமாக இருக்கும் என்பது என் கணக்கு. ஐந்து நொடிக்கு 125 படங்கள். 360ஐ 125ஆல் வகுத்தால் மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவு. எதை எடுத்தாலும் இதே முறைதான். 200 மி.மீ. லென்சில் 600டியின் சட்டம் அகலவாட்டில் ஆறரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு; சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால் அதைக் கடக்க இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஆக, பன்னிரண்டு நொடிக்கு ஒரு படம். கூட்டம் என்றால் ஒரு நொடி. நிழல் நகர்வது என்றால் அரை நிமிடம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைத் தினம்தோறும் படம் எடுத்துவைத்திருக்கிறார்கள், கண்ணாடித் தட்டுகளில் தொடங்கி. அவற்றை டிஜிட்டலாகவும் மாற்றிவிட்டார்கள். நாளுக்கு ஒன்று என்பது நமக்கு மிகவும் குறைவாகத் தோன்றும். நம் கண்ணுக்குச் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள் ஆகிறது. நாளுக்கு ஒரு படம் என்றால் ஒரு சுற்றுக்கு 27 சட்டங்கள், திரையில் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல். சூரியப் புள்ளிகள் தாவாமல் நகர்வதற்கு அது போதும். வாரத்துக்கு ஒன்று எடுத்திருந்தால் எந்தப் புள்ளி எங்கே போனது என்று புரியாது. நான் மேகத்துக்குப் பார்த்த கணக்கும் இதுவும் ஒன்றுதான்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அருவியை டைம்லாப்ஸ் எடுக்கச் சொல்வார்கள். வேண்டாம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்தத் தண்ணீர் சிற்றாற்றில் எங்கேயோ போயிருக்கும்; சட்டத்துக்குச் சட்டம் சம்பந்தமில்லாத வெள்ளைத் துடிப்புதான் மிஞ்சும். அருவிக்குக் கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டு முறைக்காக நிற்கும் கூட்டத்தை எடுங்கள், பிரமாதமாக இருக்கும்.

மலிவுக் கேமராவின் உண்மையான வியாதி ஒன்று உண்டு, பிளிக்கர். முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் எல்லாரும் அதைச் சந்திப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அத்தனை படமும் நன்றாக இருக்கும். சேர்த்து ஓட்டினால் சோக் போன டியூப்லைட் மாதிரி மினுக்கும். பாதிக் காரணம் தானியங்கி முறைகள். எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், போகஸ் எல்லாவற்றையும் மேனுவலில் வைத்துப் பூட்ட வேண்டும். லென்சில் நடுக்கம் தடுக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் கேமராவில் அது இல்லாத நடுக்கத்தைத் தேடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் மினுக்கும். இங்கேதான் பலர் கேமராவைத் திட்டிவிட்டு விலை கூடியது வாங்கப் போகிறார்கள். கோளாறு லென்சில். இந்தக் கால லென்ஸ்கள் எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும்; பொத்தான் அழுத்தும் அந்தக் கணத்தில்தான் உள்ளே இருக்கும் தகடுகள் நாம் சொன்ன அளவுக்குச் சுருங்கும், எடுத்ததும் விரியும். எஃப் 8 என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் எஃப் 8க்குப் பக்கத்தில் எங்கேயோ நிற்கும். மயிரிழை வித்தியாசம்தான். ஒற்றைப் படத்தில் யாருக்கும் தெரியாது. நொடிக்கு 25 வீதம் ஓட்டும்போது கண்ணைக் குத்தும். விலை உயர்ந்த லென்சிலும் இந்த வியாதி உண்டு.

கேனானில் இதற்கு ஒரு கை வைத்தியம் இருக்கிறது. வேண்டிய எஃப் எண்ணை வைத்து, லென்சுக்குப் பக்கத்தில் இருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே, லென்ஸ் கழற்றும் பொத்தானையும் அழுத்தி லென்சை ஒரு துளி திருகிவிட வேண்டும். விழுந்துவிடாத அளவுக்குத்தான். மின்தொடர்பு அறுந்து, தகடுகள் அப்படியே சுருங்கிய நிலையில் நின்றுவிடும். கேமராவின் திரை லென்சே இல்லை என்று காட்டும், கவலைப்படாமல் எடுக்கலாம். பார்க்கிறவர்களுக்கு நாம் கேமராவைப் பாழாக்குவதுபோலத் தெரியும் என்பது ஒன்றுதான் இதில் சங்கடம்.

இதைவிட நான் விரும்புவது பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ். எஃப் எண்ணைக் கையால் திருகி வைக்கும் வளையம் உள்ளவை. வைத்த இடத்தில் நிற்கும். எம்42 என்ற திருகு மரை லென்ஸ்களைக் கேனானில் ஒரு வளையம் போட்டு மாட்டினால் தூரத்து மலை வரைக்கும் போகஸ் ஆகும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 58 மி.மீ. அப்படிப்பட்டது. நிக்கானில் மாட்டினால் தூரம் போகஸ் ஆகாது, லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவில் உள்ள தூரம் அதில் அதிகம். பழைய கேமரா ரிப்பேர்க் கடைகளில் இந்த லென்ஸ்கள் தூசிக்குள் கிடக்கும். பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தி சாய்வதைப் பகலிலிருந்து நட்சத்திரம் வரை ஒரே காட்சியாக எடுப்பதுதான் இந்த வேலையில் கடினம். சூரியன் மறையும் நேரத்துக்கும் நட்சத்திர இருட்டுக்கும் நடுவில் வெளிச்சம் பதினைந்து ஸ்டாப்புக்கு மேல் இறங்குகிறது. ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதியாகக் குறைவது என்றால், முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ். ஷட்டரை நீட்டி, ஐஎஸ்ஓவை ஏற்றி, கேமராவை அசைக்காமல் அதைத் தொடர வேண்டும். இதைக் கற்றுத்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. அவர்கள் சொல்லும் நிதானம் நமக்கு ஆகாது. லண்டனில் ஜூன் மாதம் முழு இருட்டே வருவதில்லை. தென்காசி 9 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. அங்கே காபி குடித்துக்கொண்டே ஒரு முள் திருப்புகிறவர்கள் இங்கே வந்தால் திணறிப்போவார்கள். மூன்றில் ஒரு ஸ்டாப் படியாக, நடு அந்தியில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டியிருக்கும். படிப்படியான அந்தத் தாவல்களைப் பிறகு நிரவ ஜெர்மானியரான குந்தர் வெக்னர் உருவாக்கிய எல்ஆர் டைம்லாப்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. 400 படங்கள் வரை காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். 400 படம் என்றால் 16 நொடி, கற்றுக்கொள்ள அது தாராளம்.

மார்கழியும் எங்களுக்கு முகூர்த்தமில்லாத மாதம். வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், முன்னிரவில் கிழக்கே திருவாதிரை சிவப்பாக ஏறி வரும். 18 மி.மீ. லென்சில் பதினேழு நொடிக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். 500ஐ லென்ஸ் நீளத்தால் வகுக்கும் பழைய விதி இது. சின்ன சென்சார் கேமராவுக்கு நீளத்தை 1.6ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் முழுதாகத் திறந்து, இருபது நொடிக்கு ஒரு படம். முழுதாகத் திறந்த லென்சில் தகடுகள் அசைவதில்லை, ஆகவே மேலே சொன்ன மினுக்கலும் இல்லை. கூடவரும் மலிவு லென்ஸ் வெட்கப்பட வேண்டியதில்லாத இடம் இது.

பனிதான் எதிரி. நள்ளிரவுக்கு மேல் லென்ஸ் கண்ணாடியில் ஈரம் படிந்து, நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக ஊதிப் பெருத்துக் காணாமல் போகும். லென்சைச் சுற்றி ஃபோம் அட்டையை நீளமான குழாயாகக் கட்டினால் சில மணி நேரம் தாங்கும். விடிய விடிய என்றால் பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டை ஒன்று வேண்டும். கண்ணாடி சுற்றுப்புறத்தைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் போதும். கேமராவின் பேட்டரியும் விடியும்வரை தாங்காது. பேட்டரி வடிவத்தில் ஒயர் வைத்த டம்மி கிடைக்கிறது. குரங்குகளுக்கு மட்டும் மருந்து கிடையாது. குற்றாலத்தில் கேமராவை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர் திரும்பி வந்து எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

வெளியே போக முடியாதவர்களுக்குப் பூ இருக்கிறது. பிரம்ம கமலம் என்று நாம் சொல்லும் செடி பல வீட்டு மொட்டைமாடிகளில் தொட்டியில் நிற்கிறது. மொட்டு மேல்நோக்கி வளைந்து பருத்துவிட்டால் அன்றிரவு விரியும், விடிவதற்குள் வாடிவிடும். எங்கள் தெருவில் அக்கா ஒருவர் பூக்கும் நாளில் அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு விளக்கேற்றி வைப்பார். எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் எனக்கு வேலை தொடங்கும், ஒரு ஆள் மின்விசிறி போட்டாலும் படம் கெட்டுவிடும் என்பதால். அரை நிமிடத்துக்கு ஒன்று என்று ஐந்து மணி நேரம் எடுத்தால் 600 படங்கள், 24 நொடி. கூடத்து விளக்கில் எடுப்பதானால் ஷட்டரை 50இல் ஒரு பங்கு, 25இல் ஒரு பங்கு என்று வைக்க வேண்டும். நம் மின்சாரத்தின் 50 சுழற்சியோடு அது ஒத்துப்போகும். அக்கா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அவசரமா விரியுது, நேத்து நான் உக்காந்து பாத்தப்ப ஒண்ணும் தெரியலயே" என்றார்.

இந்திய சினிமாவின் முன்னோடி ஒருவர் தொழிலைத் தொடங்கியதே ஒரு செடியை இப்படிப் படம்பிடித்ததில்தான் என்பது பலருக்குத் தெரியாது. தாதா சாகேப் பால்கே லண்டனுக்குப் போய் வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கிவந்தார். ஆனால் படம் எடுக்கப் பணம் இல்லை. 1912இல் ஒரு தொட்டியில் பட்டாணியை நட்டு, அது முளைத்து வளர்வதை ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்தார். அதைப் போட்டுக் காட்டித்தான் கடன் கொடுக்க ஆள் பிடித்தார். அடுத்த ஆண்டு 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. நடிகர் இல்லை, செட் இல்லை, பட்டாணியும் பொறுமையும்தான் முதல்.

எனக்கு இதில் வருமானம் பூவாலும் மேகத்தாலும் வருவதில்லை, கட்டடத்தால் வருகிறது. கட்டடம் எழும்புவதை முழுதாகப் பதிவு செய்து கேட்கும் பில்டர்கள் இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டார்கள். புதிய யோசனை இல்லை இது. 1901இல் நியூயார்க்கில் ஸ்டார் தியேட்டரை இடித்தபோது, எதிரில் அலுவலகம் வைத்திருந்த பயோகிராஃப் கம்பெனி பகல் முழுக்க நான்கு நிமிடத்துக்கு ஒரு சட்டம் வீதம் எடுத்துவைத்தது.

எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, முன்னால் கண்ணாடி, உள்ளே கேமராவும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும், பக்கத்தில் 20 வாட் சோலார் தகடும் 12 வோல்ட் பேட்டரியும். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பத்து மணி நேரப் பகலுக்கு 40 படங்கள். ஒன்றரை வருடத்தில் இருபத்தோராயிரத்துக்கு மேல். அத்தனையும் ஓட்டினால் 14 நிமிடம். யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். இஷ்டத்துக்குப் பொறுக்கினால் நிழல் திசைக்கொன்றாகத் தாவி மானத்தை வாங்கும். தினமும் காலை எட்டு மணிப் படத்தை மட்டும் எடுத்துக் கோத்தால் 540 படம், இருபத்தோரு நொடி. நிழல் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க, கட்டடம் மட்டும் வளரும். அதுதான் முதுகெலும்பு. கான்கிரீட் போடும் நாளில் இன்னொரு கேமராவோடு நேரில் போய்ப் பத்து நொடிக்கு ஒன்று எடுத்து நடுவில் சேர்த்தால் இரண்டு நிமிட வீடியோ தயார்.

இங்கே கேமராவைவிட அதிகம் தொல்லை கொடுப்பவை சிலந்திகள். கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டிவிடும். வாரம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். கோப்பு எண் 9999ஐத் தாண்டியதும் மறுபடி 0001இல் தொடங்கும். எடுத்த தேதிப்படி வரிசைப்படுத்திப் புது எண் கொடுக்காவிட்டால் மாடி கட்டிய பிறகு அஸ்திவாரம் தோண்டுவார்கள். ஒரு பில்டர் கிரகப்பிரவேசத்தில் என் வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டினார். கடைசித் தவணை மட்டும் டைம்லாப்ஸ் வேகத்தில் வரவில்லை. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் மூன்று தவணையையும் அஸ்திவாரம், தளம், பூச்சு என்று வேலையோடு கட்டி எழுதிவிடுகிறேன். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படங்களைக் கோக்கப் பழைய விர்ச்சுவல்டப் போதும், எண் வரிசையில் இருக்கும் ஜேபெக் படங்களை அப்படியே வீடியோவாக்கும். நிறத்தையும் திருத்த வேண்டும் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. இரண்டுக்கும் காசு இல்லை.

போனிலேயே டைம்லாப்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மேடை அலங்காரம் கட்டுவதை எடுக்க நானும் போனைத்தான் வைக்கிறேன். ஆனால் ஐபோனின் டைம்லாப்சில் இடைவெளியை நாம் சொல்ல முடியாது. நேரம் கூடக் கூட அதுவே இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டு போகும். பத்து நிமிடம் எடுத்தாலும் பத்து மணி நேரம் எடுத்தாலும் 20இலிருந்து 40 நொடிக்குள் ஒரு வீடியோவைக் கையில் கொடுத்துவிடும். மேகத்துக்கு என்ன வேகம், மொட்டுக்கு என்ன வேகம் என்ற யோசனையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்த யோசனைதான் என்பதால் போன் எனக்குச் சரிப்படவில்லை.

வீட்டுப் பரணில் பழைய கேனான் பவர்ஷாட் எதுவும் கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். செல் போடும் இடத்தில் கசிவு இருக்கிறதா, லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மாடல் எண்ணைச் சிஎச்டிகே பட்டியலில் தேடுங்கள். கார்டு மட்டும் 4 ஜிபிக்கு மேல் போக வேண்டாம். பழைய மாடல்கள் பெரிய கார்டிலிருந்து அதை எழுப்பத் தெரியாமல் விழிக்கும். 4 ஜிபியில் ஆயிரம் படங்களுக்கு மேல் பிடிக்கும், நாற்பது நொடி வீடியோவுக்கு அது போதும்.